சீப்புப் பிடித்த கை

அத்தியாயம் பதினேழு

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். குவென் அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. ஆனாலும் அவள் புளுகு ஏழு மாதம் ஓடிவிட்டது.

கணவர் கோக் மெங் மூவார் என்ற ஊரில் புதிதாக டயர் கடை திறந்திருக்கிறார், அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுதான் அவள் ஊருக்குச் சொன்னது. கடை திறந்தது நிஜம். அங்கே தங்கியிருப்பதும் நிஜம். தனியாகத் தங்கவில்லை, இனி வீட்டுக்கு வரவும் போவதில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டாள். உண்மை தெரிந்தவள் மகள் பூய் யீ ஒருத்திதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குக்கூடக் குவென் சொல்லவில்லை.

இந்தப் பொய்யோடு அவள் பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பாள். அதற்குள் அக்கா பிக் ஹாவின் ஒரே மகள் ஜியா ஹூயிக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

சீனர் வழக்கப்படி கல்யாணப் பெண்ணுக்குத் தலை சீவிவிட ஒரு பாக்கியவதி வேண்டும். கணவனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் பெற்றவளாக இருக்க வேண்டும். அவளுடைய வாழ்வு பெண்ணுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. பிக் ஹா கணவனைப் பறிகொடுத்து ஆறு வருடம் ஆகிறது. பெரியண்ணனோ கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

"நம்ம குடும்பத்துல ஜோடியா இருக்குறது நீ ஒருத்திதான் குவென். நீதான் சீவிவிடணும்" என்று அக்கா கேட்டாள். வாயைத் திறக்க வேண்டிய அந்த நேரத்தில் குவென் சரியென்று தலையை ஆட்டினாள். அதோடு நின்றாளா? போன வாரம் கோக் மெங்குக்கே போன் போட்டு, "ஒரே ஒரு நாள் வந்து என் பக்கத்துல உக்காந்துட்டுப் போயிடுங்க" என்று கெஞ்சியும் தொலைத்தாள்.

அந்த ஒரு நாள் இன்று.

*

பாசிர் பிஞ்சியில் பிக் ஹாவின் வீடு விடிந்ததும் விடியாததுமாகக் களை கட்டிவிட்டது. ஓட்டலில் விருந்து வேண்டாம், மேடை வேண்டாம், வீட்டு வாசலில் பந்தல் போட்டு எல்லாரும் செருப்போடு வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்பது ஜியா ஹூயியின் கட்டளை. சடங்குகளை மட்டும் அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தாள். பந்தலுக்குக் கீழே ஒருவன் பாட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையல்கட்டில் நாலு பெண்கள் பாகற்காய் அரைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது சமையலுக்கு இல்லை, மாப்பிள்ளைக்கு.

மாடிப்படியில் பூய் யீ அம்மாவை மறித்தாள்.

"அம்மா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. வயித்த வலிக்குதுன்னு சொல்லிடு. எதிர்வீட்டு ஆன்ட்டி இருக்காங்க. மூணு பிள்ள, புருஷனும் இருக்காரு. அவங்களக் கூப்பிடலாம்."

"அக்கா என்னைத்தான்டி கேட்டா."

"பெரியம்மா கேட்டது புருஷன் கூட இருக்குற தங்கச்சிய."

குவெனுக்கு முகம் சுட்டது. "உங்கப்பா இன்னிக்கு வர்றாரு இல்ல? அப்புறம் என்ன" என்றாள். அவள் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. மகள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள்.

அறைக்குள் ஜியா ஹூயி பம்பளிமாஸ் இலை போட்ட தண்ணீரில் குளித்துவிட்டு, பூனைப் படம் போட்ட புது இரவு உடுப்போடு சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டில் கண்ணாடி, கத்தரி, அளவுகோல், சிவப்பு நூல், மரச் சீப்பு. எல்லாம் பிக் ஹா எடுத்து வைத்தது. மெழுகுவர்த்திகளை ஏற்றியதும் பிக் ஹாதான். ஏற்றிவிட்டு நிலைப்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"ரெண்டு மெழுகுவத்தியும் ஒண்ணா எரியணும். பாத்துக்க குவென்."

"அம்மா, உள்ள வாயேன். இந்தக் காலத்துல இதையெல்லாம் யாரு பாக்குறா?" என்றாள் கல்யாணப் பெண்.

"நான் பாக்குறேன். புருஷன் இல்லாதவ சீவுற எடத்துல நிக்கக் கூடாது. உனக்கு ஒண்ணுன்னா நான் யாரப் போய்க் கேக்குறது? நீ சீவு குவென்."

கதவை அவளே சாத்தினாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவள் கால்களின் நிழல் மட்டும் தெரிந்தது. அது அங்கிருந்து போகவில்லை.

குவென் சீப்பை எடுத்தாள். ஜியா ஹூயியின் முடி மூன்று விரல் நீளம்தான். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள், எப்போதும் அப்படித்தான். வைத்த வேகத்தில் சீப்பு நுனிக்கு வந்துவிட்டது. தோழிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சித்தி, மெதுவா. இருக்குறதே அவ்வளவுதான்."

முதல் தடவை சீவும்போது கடைசிவரை ஒன்றாக இருங்கள் என்று வாழ்த்த வேண்டும். அதைக் குவென் சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவை, இருவருக்கும் தலை நரைக்கும்வரை பிரியாதிருங்கள் என்று சொல்ல வேண்டும். சீப்பு தலையில் இருந்தது. அது நகரவில்லை. தன் மகள் மூலையில் நின்று தன்னையே பார்ப்பது அவளுக்கு முதுகில் தெரிந்தது. பார்வையைக் கீழே போட்டால் கதவடியில் அக்காவின் கால் நிழல்.

"மறந்துட்டியா? தலை நரைக்கிற வரைக்கும்" என்று வெளியிலிருந்து பிக் ஹா மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

குவென் சொன்னாள். மீதியையும் சொல்லி முடித்தாள். அக்கா தன் பெண்ணின் வாழ்த்தைக் கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு சொல்லாகக் கூடவே முணுமுணுப்பது அவளுக்குக் கேட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

*

மாப்பிள்ளை துரியான் பழ லாரியில் வந்தான்.

ஸோங் ஹானுக்குச் சொந்தமாகக் கார் இருக்கிறது. ஆனால் நண்பனின் லாரியில்தான் வருவேன் என்று பந்தயம் கட்டியிருந்தான். முன்பக்கம் சிவப்புத் துணியில் பெரிய பூ முடிச்சு, பின்னால் எட்டுப் பத்துப் பையன்கள், அவர்கள் காலடியில் துரியான் கூடைகள். தெருமுனை திரும்பும் முன்பே வாசனை வந்து விட்டது. லாரிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து எதிர்ப்பக்கம் மழைமரத்தடியில் ஒதுங்கியது. கோக் மெங் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக வந்தார்.

மாடி சன்னலிலிருந்து குவென் பார்த்தாள். வந்துவிட்டார் என்றதும் அவளுக்குப் பெருமூச்சு வந்தது. அதற்காக அடுத்த நிமிடமே வெட்கப்பட்டாள்.

வாசல் இரும்புக் கதவுக்குப் பின்னால் பூய் யீ தலைமையில் தோழிப் பெண்கள் காவல். சும்மா உள்ளே விடுவார்களா?

"என்ன வேணும் தம்பி?"

"பொண்டாட்டி வேணும்."

"இங்க அதெல்லாம் விக்கிறதில்ல. அடுத்த கடை பாருங்க."

தெருவே சிரித்தது. புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் நாலையும் ருசி பார்த்தால்தான் குடும்பம் நடத்தத் தகுதி என்று தட்டு வெளியே வந்தது. எலுமிச்சையை ஒருவன் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஊசிமிளகாய் மென்றவன் லாரியைச் சுற்றி ஓடினான். மாப்பிள்ளையின் காலில் பிளாஸ்திரி ஒட்டி, "ஜியா ஹூயி மேல எவ்வளவு பிரியம்?" என்று கேட்டு, பதில் போதாது என்று பிய்த்து எடுத்தார்கள். அவன் போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்த பெரியண்ணன் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு கூடை துரியான் தர்றேன், விட்டுடுங்க."

"பூச்சி இல்லாததா?"

"மாமியார் வீட்டுக்குப் பூச்சியோட கொண்டாருவனா?"

பேரம் படியப் போகிற நேரத்தில் ஒரு தோழிப் பெண் கோக் மெங்கைப் பார்த்துவிட்டாள். "அங்கிள் ஏன் பின்னால ஒளியிறாரு? அவரும் ஆம்பளதானே. பூய் யீ, உங்கப்பாவ சும்மா விடப் போறியா?"

பூய் யீயின் சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. அவள் தட்டிலிருந்து பாகற்காய்ச் சாற்றுக் குவளையை எடுத்தாள். மற்றவர்களுக்கு அதில் ஒரு வாய்தான் கொடுத்தது. அப்பாவுக்குக் குவளை நிறைய ஊற்றி, கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள்.

"இது உங்களுக்கு, அப்பா. முழுசா."

கோக் மெங் மகளைப் பார்த்தார். ஏழு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. வாங்கினார். நிறுத்தாமல், முகம் சுளிக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்து, குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்தீங்களாடா, இதுதான் பழைய புருஷன். எவ்வளவு கசப்பையும் தாங்குவாரு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். மாடியில் குவென் சன்னலை விட்டுத் தள்ளி வந்தாள்.

*

கூடத்தில் தேநீர்ச் சடங்கு, மணமக்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பது. பட்டு மெத்தை வாங்க மறந்துபோய், ஜியா ஹூயியின் பழைய வாத்துப் படத் தலையணை இரண்டைப் போட்டிருந்தார்கள். கல்யாணப் பெண் மேலே பொன் இழைத்த சிவப்புச் சட்டை, கீழே பாவாடை, அதற்கும் கீழே வெள்ளைக் கித்தான் சப்பாத்து. பெரியண்ணன் முதலில் உட்கார்ந்து, சிவப்புப் பேரீச்சம்பழம் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, "நான் செய்யாத தப்ப நீங்க செய்யிறீங்க. நல்லா இருங்க" என்றார்.

அடுத்து பிக் ஹா. அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முன்னாலும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். ஜியா ஹூயி காலி நாற்காலியைப் பார்த்து, "அப்பா, டீ குடிங்க" என்றாள். பிக் ஹா அழவில்லை. மகளின் கையில் காப்பு ஒன்றைப் போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்து, தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டாள். ஏதாவது வேலை கையில் இருந்தால்தான் அவளுக்குச் சரிப்படும்.

பிறகு, "குவென், தம்பி, வாங்க. ஜோடியா உக்காருங்க" என்றாள் ஆசையாக.

உட்கார்ந்தார்கள். கோக் மெங்கின் சட்டைக் கையில் கத்தி போல ஒரு மடிப்பு இருந்தது. குவென் ஒருநாளும் அப்படி இஸ்திரி போட்டதில்லை. அவளுக்குப் போடவும் வராது. யாரோ நேரம் எடுத்து, பிரியமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி இருக்கே?" என்றார் கோக் மெங், உதடு அசையாமல்.

"சிரிங்க. போட்டோ எடுக்குறாங்க" என்றாள்.

மணமக்கள் முழந்தாளிட்டார்கள். ஜியா ஹூயி இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினாள்.

"சித்தப்பா, டீ குடிங்க. சித்தி, டீ குடிங்க. எங்க வீட்டுல யாரும் நெடுநாள் ஜோடியா இருந்ததில்ல. எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. உங்க ரெண்டு பேரையும் பாத்துத்தான் சரி, முடியும்னு தைரியம் வந்துச்சு."

விளையாட்டுக்காரி, ஒன்றையும் நம்பாதவள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த பெண். இதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கோக் மெங்குக்குத் தேநீர் புரை ஏறியது. குவென் தன் கிண்ணத்தைக் காலி செய்தாள். இனிப்பாக இருந்ததா, கசந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கெண்டியோடு நின்ற அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தோளில் கையை வைத்தாள். அந்தக் கையின் கனம் குவெனால் தாங்க முடியாததாக இருந்தது.

*

சாப்பாட்டு நேரத்தில்தான் வந்தது வினை.

பந்தலில் வறுத்த பன்றியும் கோழிக்கறியும் மீ நூடுல்ஸும் பறந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு பெரியண்ணன் பாடினார். கோக் மெங் மட்டும் ஒரு தட்டில் மீயை அள்ளி, கோழியை நிறைய வைத்து, நைசாக வெளியே நழுவப் பார்த்தார். பிக் ஹாவின் கண்ணுக்கு அது தப்புமா?

"யாருக்கு தம்பி?"

"கார்ல... கடையில வேல செய்யிற பொண்ணு. இந்தப் பக்கம் ஒரு சோலி இருக்குன்னுச்சு. கூட்டிட்டு வந்தேன்."

"காலையிலருந்து கார்லயா? அந்த வெயில்லயா? உங்களுக்கென்ன தம்பி, நெஞ்சு கல்லா?"

தட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பிக் ஹாவே கிளம்பிவிட்டாள். கல்யாண வீட்டு வாசலில் ஒருத்தி பட்டினி கிடந்தாள் என்ற பேச்சு அவளுக்கு ஆகாது. கோக் மெங் இரண்டடி பின்னால் போனார். அப்புறம் நின்றுவிட்டார். திரும்பிக் குவெனைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் குவெனுக்கு விளங்கிவிட்டது. இங்கேயேவா? இன்றைக்கேவா?

அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். மழைமரத்தடியில் கார்க் கண்ணாடி இறங்கியது. முப்பது வயது இருக்கும், கொண்டையாகக் கட்டிய முடி, களைத்த முகம். பிக் ஹா தட்டை நீட்டினாள். அந்தப் பெண் இரு கையாலும் வாங்கித் தலை குனிந்து நன்றி சொன்னாள். பிக் ஹா கதவைத் திறந்து வாம்மா உள்ளே என்று கையைக் காட்டினாள். பெண் தலையை ஆட்டி மறுத்தாள். பிக் ஹா விடவில்லை. கையைப் பிடித்தே இழுத்தாள். பெண் மறுபடி மறுத்தாள். கெஞ்சுகிற மாதிரி எதையோ சொன்னாள்.

பிக் ஹா இழுப்பதை நிறுத்தினாள்.

அக்காவின் பார்வை முதலில் அந்தப் பெண்ணின் சட்டைக் கையில் போய் நின்றதைக் குவென் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். கல்யாண வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் இரண்டே காரணம்தான். வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், சட்டைக் கையில் துக்கத் துணி குத்தியிருக்கும். அங்கே துணி இல்லை. அக்காவின் பார்வை கீழே இறங்கியது.

இன்னொரு காரணம், வயிற்றில் பிள்ளை. ஒரு மங்கலத்தை இன்னொரு மங்கலம் இடிக்கும், கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது என்று பிள்ளைத்தாய்ச்சிகள் கல்யாண வீட்டுக்குள் வர மாட்டார்கள்.

அது குவெனுக்கும் புதுச் செய்தி.

பிக் ஹா தெருவைக் கடந்து திரும்பி வந்தாள். கோக் மெங்கைக் கடந்து வந்தாள், அவரைப் பார்க்கவில்லை. தங்கையின் முழங்கையைப் பிடித்து, பாத்திரம் கழுவும் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"அந்தப் பொண்ணு உள்ள வர மாட்டேங்குது. 'எனக்கு ஆறு மாசம், கல்யாணப் பொண்ணுக்கு நான் கெட்டது செய்யக் கூடாது'ன்னு சொல்லுது. 'பிள்ளைக்கு அப்பா எங்க'ன்னு கேட்டேன். பந்தலப் பாத்துச்சு."

குவென் பக்கத்தில் கிடந்த எச்சில் தட்டை எடுத்தாள்.

"கடைய பாத்துக்குறாருன்னு சொன்னியே."

"அக்கா..."

"எத்தனை நாளா?"

"புது வருசத்துக்கு முன்னாலேருந்து."

"அப்ப நான் உன்ன சீவச் சொல்லிக் கேட்டப்ப?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, சோறு தீர்ந்துபோன நேரம் அது.

கோபம்கூட வரவில்லை அவளுக்கு, கணவர் மேலும் இல்லை, அந்தப் பெண் மேலும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. தன் வாழ்க்கையைப் பறித்துக்கொண்டவள் என்று ஏழு மாதமாகத் திட்டித் தீர்த்த ஒருத்தி, முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று காலையிலிருந்து வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா கதவுக்கு வெளியே நின்றாள். தான் மட்டும் உள்ளே போய்ச் சீப்பை எடுத்திருக்கிறாள்.

"நல்ல நேரம் ஆயிடுச்சு! பொண்ணு கிளம்பணும்" என்று பந்தலிலிருந்து பெரியண்ணன் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். "குடை எங்க? குவென் எங்க?"

பெண் வீட்டை விட்டுப் போகும்போது தலைக்குமேல் சிவப்புக் குடை பிடிக்க வேண்டும். தலை சீவியவள்தான் அதையும் பிடிப்பது.

"நான் பிடிக்கல அக்கா. இதையாவது விட்டுடுறேன். எதிர்வீட்டு ஆன்ட்டிய..."

பிக் ஹா சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்தாள். தங்கையின் கையில் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடக்கினாள்.

"காலையில சீப்புப் பிடிச்ச கைதானே. இப்ப மாத்துனா ஏன்னு எம்பொண்ணு கேப்பா. சிரிச்சுக்கிட்டே அவ இந்த வீட்ட விட்டுப் போகணும். பிடி."

*

பிடித்தாள்.

பச்சரிசியை யாரோ அள்ளிக் குடைமேல் வீச, அது பொலபொலவென்று உதிர்ந்தது. துரியான் லாரியின் முன்கதவு திறந்திருந்தது. வாசலுக்கும் லாரிக்கும் நடுவே நாலு எட்டுதான். குவெனுக்கு அது ஓர் ஊர்த் தூரமாக இருந்தது. பையன்கள் கூவினார்கள், பாட்டுப் பெட்டி அலறியது. எதிர்ப்பக்கம் மழைமரத்தடியில் அந்தப் பெண், தன் பார்வைகூடக் கல்யாணப் பெண்மேல் படக் கூடாது என்பதுபோல, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, குடை ஏன் இப்பிடிச் சாயுது?" ஜியா ஹூயி குடைக்கடியில் கிசுகிசுத்தாள்.

"கனமா இருக்குடி."

"குடையா?"

குவென் சிரித்தாள். சிரிக்கச் சொல்லித்தானே அக்கா கொடுத்தாள். ஜியா ஹூயி அவள் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினாள். பிக் ஹா வாசலிலேயே நின்று, மகளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டி வாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் இப்போது பொய்யில் பாதி. அக்காவையும் தன் பொய்க்குக் கூட்டாளி ஆக்கியாகிவிட்டது.

லாரி தெருமுனை திரும்பியதும் பிக் ஹாவின் கைகள் இறங்கின. வீட்டுக்குள் போனாள்.

குவென் குடையை மடக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். படியேறினாள். கல்யாணப் பெண்ணின் அறைக் கதவு அவள் வரும்போதுதான் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"அக்கா. கதவத் தெற."

உள்ளே தட்டில் எதையோ எடுத்து வைக்கிற ஓசை. கண்ணாடி. கத்தரி. சீப்பு.

"அக்கா, என்னத் திட்டு. அடி. கதவ மட்டும் தெற."

"மூணாம் நாள் ரெண்டு பேரும் மறுவீட்டுக்கு வருவாங்க." பிக் ஹாவின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. "அன்னிக்கு வா. எம்பொண்ணுகிட்ட உன் வாயாலயே சொல்லு. உங்கள ஜோடியா பாத்துத்தான் தைரியம் வந்துச்சுன்னு சொன்னாள்ல, அவகிட்ட சொல்லு. அது வரைக்கும் என்கிட்ட ஒண்ணும் பேசாத."

"சொல்றேன்."

"நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும்."

கீழே கார் ஒன்று கிளம்பும் சத்தம். படியின் பாதியில் பூய் யீ வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், சாத்திய கதவைப் பார்த்தாள், கையில் மடங்கிய சிவப்புக் குடையைப் பார்த்தாள். ஏறி வரவும் இல்லை, இறங்கிப் போகவும் இல்லை.

"நான் பெத்த பொண்ணு" என்றாள் பிக் ஹா உள்ளிருந்து. இப்போதுதான் குரல் உடைந்தது. "ஒரு தடவ அவ தலையில கை வெச்சு வாழ்த்தணும்னு எனக்கு இருக்காதா? எங்கிட்ட இல்லாதது உங்கிட்ட இருக்குன்னுதான் ஒதுங்கி நின்னேன். ரெண்டு பேருகிட்டயும் இல்லன்னு தெரிஞ்சிருந்தா, நானே சீவியிருப்பேனே குவென்."

குவென் கதவில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போயிடறேன்."

"வேணாம். அங்கதான் நான் காலையில நின்னேன். கொஞ்ச நேரம் நீ நில்லு."

குவென் நின்றாள். கதவடி இடைவெளியில் தன் கால் நிழல் உள்ளே விழுவது தெரிந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.